பின்சீட்டுத் திரையும் ஆதிகேசவனின் லீவும்

பெங்களூரு மர்பி டவுனில் குடியிருந்த டிரைவர் ஆதிகேசவனுக்கு முழுசாக ஒரு நாள் லீவு கிடைக்க நாலு வருடம் ஆயிற்று. கொடுமைக்கார முதலாளி போலிருக்கிறது என்று யாரும் அவசரப்பட்டு நினைக்க வேண்டாம். தீபாவளிக்குத் துணி, யுகாதிக்கு ஒப்பட்டு என்கிற போளி, உடம்புக்கு முடியாவிட்டால் டாக்டர் என்று எல்லாம் ஒழுங்காக நடந்த வீடுதான் அது. லீவு ஒன்றுதான் இல்லை. அதற்குக் காரணம் காரின் பின்சீட்டுக்கு எதிரே இருந்த இரண்டு சின்னத் திரைகள்.

முதலாளி வீடு இந்திராநகரில். மமதா மேடம் பொம்மனஹள்ளியில் ரெடிமேட் துணி தைக்கும் ஃபேக்டரி நடத்தினார். கணவர் மாதத்தில் பாதி நாள் வெளிநாட்டில். ஒரே பையன் கிரண். அவன் பள்ளிக்கூடம் சர்ஜாபூர் ரோட்டில், ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில். காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் அந்தக் குழந்தைக்குக் காரில்தான் வாழ்க்கை. 2004-இல் மேடம் புதுப் பெரிய கார் வாங்கியபோது, முன்சீட்டுகளின் முதுகில் ஆளுக்கொரு திரை பதித்து வந்தது. டிஸ்க்கைப் போட்டால் பின்னால் இருப்பவர்கள் படம் பார்க்கலாம். வெளிநாட்டில் குடும்பமாகப் பிக்னிக் போகிறவர்களுக்காகச் செய்த சாமான். நம் ஊரில் அது அகரா சிக்னலைத் தாண்டப் பயன்பட்டது.

ஆனால் அந்தத் திரைக்கு நாக்கு நீளம். எல்லாவற்றையும் தின்னாது. மேடத்தின் தம்பி அமெரிக்காவிலிருந்து கிரணுக்குக் குழந்தைப் படங்களாக அனுப்பிக்கொண்டே இருப்பார். கரடி பேசும், புல்டோசர் பாடும். அவை கம்ப்யூட்டரில் ஜம்மென்று ஓடும். அதையே டிஸ்க்கில் எழுதிக் காரில் போட்டால் நீல நிறத்தில் ‘ஃபார்மேட் எரர்’ என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்ததும் கிரண் அழ ஆரம்பிப்பான். அழுதால் வாந்தி எடுப்பான். புதுக் காரின் தோல் சீட்டில் வாந்தி காய்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆதிகேசவனைக் கேட்டால் சொல்வார்.

முதலில் அந்த வேலையைக் காக்ஸ் டவுனில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த நோயல்தான் செய்து கொடுத்தார். ஆதிகேசவன் படங்களை எடுத்துக்கொண்டு போவார், நோயல் காருக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருவார். அதோடு நின்றிருக்கலாம். இவர் சும்மா இருக்காமல் நோயலின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்து, எந்த இடத்தில் என்ன நம்பர் போடுகிறார் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். நோயல் கடையை மூடிவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போன மாதம், மேடம் கவலையோடு ‘இனி யாரைக் கேட்பது’ என்றபோது, “நானே பண்ணிடறேன் மேடம்” என்றார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். அன்றைக்கு அவருக்கு அது பெருமையாக இருந்தது.

வீட்டில் ஓரமாகக் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்து அறையில் வைத்துக் கொடுத்தார்கள். மேடம் வெளியே போகாத மத்தியான நேரங்களில் ஆதிகேசவன் அங்கே உட்கார்ந்து படம் மாற்றுவார். அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, நொடிக்கு இருபத்தைந்து ஃப்ரேம். படம் சரியாக வந்து சத்தம் வராமல் போகும், சத்தத்தின் வகையை மாற்ற வேண்டும். பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போனால் கார் படிக்காது. டிஸ்க்கை வேகமாக எழுதினால் வீட்டில் ஓடும், ரோட்டுப் பள்ளத்தில் நின்றுவிடும். அதனால் இருப்பதிலேயே மெதுவான வேகத்தில்தான் எழுத வேண்டும். ஒரு மணி நேரப் படம் மாறி வர இரண்டரை மணி நேரம் பிடிக்கும். படத்தின் முதல் அரை நிமிஷமும் கடைசி அரை நிமிஷமும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு உறையில் போட்டு வைப்பார். நாலு வருடத்தில் அப்படி முன்னூறு டிஸ்க் சேர்ந்துவிட்டது.

பெங்களூருவில் வீட்டு டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. லீவு வேண்டும் என்றால், லீவு கேட்கிறவனே தன் இடத்துக்கு ஆக்டிங் டிரைவர் ஒருவனை அனுப்ப வேண்டும். ஆதிகேசவனும் ஆரம்பத்தில் அனுப்பிப் பார்த்தார். ஒருவன் டிஸ்க்கைத் தலைகீழாகப் போட்டான். இன்னொருவன் எதையோ அமுக்கி, கரடியை ஸ்பானிஷ் பேச வைத்தான். மூன்றாவது ஆள், “குழந்தை அழுதா நான் இன்னா பண்ணுவேன், எனக்கு ஸ்டியரிங்தான் தெரியும்” என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். மூன்று தடவையும் ஆதிகேசவன் பாதி நாளிலேயே திரும்பி வந்து சீட்டைக் கழுவ வேண்டியிருந்தது. அதற்கப்புறம் மேடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, “ஆதி, வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, லீவு மட்டும் கேக்காதீங்க” என்றார்.

மச்சான் கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது போய்ச் சேர்ந்தார். மகள் பிரபா பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டாள், போகவில்லை. மாமியார் இறந்தபோது, எடுத்துக்கொண்டு போய்விட்ட பிறகு நேராக ஹலசூரு சுடுகாட்டுக்கே போய் நின்றார். சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நிற்கும் பஸ் டிரைவரைப் பார்ப்பார். காக்கிச் சட்டை, ஷிஃப்ட் முடிந்தால் டிப்போ, வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு. அந்த மனிதனுக்குப் பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் ஒருவரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆதிகேசவனுக்குப் பொறாமையாக இருக்கும்.

2008 தொடக்கத்தில் அரசாங்க பஸ்ஸுக்கு டிரைவர் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. இளவயதில் லாரி ஓட்டியபோது எடுத்த ஹெவி லைசென்ஸ் கைவசம் இருந்தது. வயது வரம்பு நாற்பது. இவருக்கு வரும் மே மாதம் நாற்பது முடிகிறது. அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது விண்ணப்பத்தைக்கூடத் தொட முடியாது. மனைவி காந்தாதான் விண்ணப்பப் பாரத்தை வாங்கி வந்து, பிரபாவைக் கொண்டு கன்னடத்தில் நிரப்ப வைத்தாள்.

“இதான் கடைசி. இதை வுட்டா நீ அந்தக் காருக்குள்ளயே கிழவனாயிடுவ,” என்றாள்.

மார்ச் மாதம் ஓட்டுநர் தேர்வுக்கு அழைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி, ஊருக்கு மேற்கே ஒரு மைதானம். வரிசை எண் 147. அன்றைக்கு 141-இலிருந்து தொடக்கம்.

மேடத்திடம் என்ன தேர்வு என்று சொல்லவில்லை. ஒரு சொந்த வேலை, ஒரே ஒரு நாள் என்று மட்டும் சொன்னார். அவர் முகம் வாடியதைப் பார்த்து, “இந்தத் தடவை ஆக்டிங் டிரைவர் எதையும் தொடவே வேணாம் மேடம், நான் ஏற்பாடு பண்றேன்” என்றார். அந்த ஏற்பாட்டுக்காக ஒரு வாரம் மத்தியானமெல்லாம் உழைத்தார். ஒரே டிஸ்க். உள்ளே தள்ளினால் தானாக ஓட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. காலைக்கு ஒன்றரை மணி நேரம், சாயங்காலத்துக்கு வெள்ளிக்கிழமை நெரிசலையும் சேர்த்து இரண்டரை மணி நேரம். கிரணுக்குப் பிடித்த படங்களை அவன் பார்க்கும் வரிசையிலேயே அடுக்கினார். அகரா சிக்னலில் அவனுக்குப் பொறுமை போகும் என்பதால் சரியாக அந்த நேரத்துக்குப் புல்டோசர் பாட்டு வரும்படி கணக்குப் போட்டார். அமெரிக்காவிலிருந்து வந்து, அவன் இன்னும் பார்க்காத புதுக் கரடிப் படம் ஒன்றையும் சேர்த்தார். ஒன்றுக்கு மூன்று பிரதி எழுதி, மூன்றையும் காரில் போட்டு ஓட்டிப் பார்த்தார்.

ஆக்டிங் டிரைவராக வந்தவர் மஞ்சுநாத். ஐம்பது வயது, நிதானமான ஆள், அதிகம் பேசமாட்டார். அதுவே நல்லது என்று ஆதிகேசவன் நினைத்தார். வெள்ளிக்கிழமை காலை காந்தா தயிரும் சர்க்கரையும் வாயில் போட்டு அனுப்பினாள். பஸ்ஸில் ஏறி, பயணி சீட்டில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனார். நாலு வருடத்தில் முதல் முறையாக யாரோ வண்டி ஓட்ட இவர் உட்கார்ந்திருந்தார். மனசு லேசாக இருந்தது.

மைதானத்தில் சுண்ணாம்பால் எட்டு போட்டிருந்தார்கள். ஒரு பழைய பஸ் அதன்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் நம்பரை மூன்று தடவை கூப்பிடுவார்கள், வராவிட்டால் ஆப்சென்ட் என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். 145 ஏறியபோது ஆதிகேசவனின் செல்போன் அடித்தது. மேடம். புது டிரைவர் என்பதால் அன்றைக்கு அவரும் கிரணோடு காரில் போயிருந்தார்.

“ஆதி, கிரண் அழறான்.”

பின்னால் அழுகை கேட்டது. ஆதிகேசவனுக்கு முதலில் தோன்றியது டிஸ்க்தான்.

“எரர் வருதா மேடம்?”

“இல்ல. படம் ஓடுது.”

“சத்தம் வரலியா? ரெண்டு திரையும் எரியுதா? நடுவுல நிக்குதா?”

“எல்லாம் சரியா இருக்கு ஆதி. புதுக் கரடிப் படம் ஓடுது. ஆனா அழறான். ஏன்னே தெரியல.”

ஃப்ரேம், அகலம், சத்தத்தின் வகை என்று காலண்டர் தாளில் இருந்த அத்தனையும் அவர் தலைக்குள் ஒரு சுற்று ஓடியது. எங்கே தப்பு என்று பிடிபடவில்லை. அதற்குள் கிரண் போனைப் பிடுங்கிவிட்டான். அவன் ஆதிகேசவனிடம் மட்டும் தமிழ்தான் பேசுவான். இவரிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.

“ஆதி அங்கிள், மஞ்சு அங்கிள் கேக்கவே மாட்டேங்கறாரு.”

“இன்னா கேக்க மாட்டேங்கறாரு, புட்டா?”

“அப்புறம் என்னாச்சுன்னு கேக்கவே மாட்டேங்கறாரு. நான் யாருக்குச் சொல்றது?”

திரை பின்சீட்டுக்காரர்களுக்குத்தான், ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. நாலு வருடமாக ஆதிகேசவன் காதில் விழுந்ததெல்லாம் முதுகுக்குப் பின்னால் உறுமலும் பாட்டும்தான். ஏதோ ஒரு நாள், தூக்கம் வராமலிருக்க, “கரடி ஏன் புட்டா கத்துது?” என்று கேட்டிருப்பார். பையன் சொன்னான். “அப்புறம்?” என்றார். அதிலிருந்து தினமும் நடந்த சமாச்சாரம் அது. அவருக்கு ரோட்டில் கண். வாய் பாட்டுக்கு ‘அப்புறம், அப்புறம்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். சில நாள் அவர் பதிலைக் காதில் வாங்கியதே இல்லை, சும்மா சொன்னதுதான். கிரணுக்கு அதுதான் படம். எட்டு எழுத்துப் பெயர் வைத்து, மெதுவாக எழுதி, மூன்று பிரதி போட்டு, எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர் இந்த ஒன்றை மட்டும் டிஸ்க்கில் எழுத முடியாது என்பதைக்கூட யோசிக்கவில்லை. அது ஒரு வேலை என்றே அவருக்குத் தெரியாது.

146 ஏறினான்.

“சரி, இப்ப சொல்லு. கரடி எங்க இருக்கு?”

“படகுல. அதுக்கு நீச்சல் தெரியாது.” விக்கல் நின்றபாடில்லை.

“ஐயையோ. அப்புறம்?”

“படகுல ஓட்டை.”

146 எட்டை முடித்துவிட்டு இறங்கினான். சீக்கிரம் முடித்துவிட்டான், பாவி. ஒலிபெருக்கி கன்னடத்தில் 147-ஐக் கூப்பிட்டது: “ஒந்து நூற நலவத்தேளு.”

ஆதிகேசவனின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தான் மேல் இருந்தது. அமுக்கியிருக்கலாம். குழந்தை செத்துப் போய்விடாது, அது அவருக்கும் தெரியும். பக்கத்தில் பெற்ற தாய் இருக்கிறாள். மிஞ்சிப் போனால் ஒரு வாந்தி. தோல் சீட்டு, துடைத்தால் போகும். “புட்டா, பத்து நிமிஷம், அப்புறம் நானே போன் பண்றேன்” என்று சொல்ல வாயைத் திறந்தார்.

“அங்கிள், இருக்கீங்களா?”

“இருக்கேன் கண்ணா.”

“ஒந்து நூற நலவத்தேளு!”

பின்னால் நின்ற, ஹாசன் ஊரிலிருந்து வந்திருந்த பையன் அவர் கையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “சார், உங்க நம்பர்தானே, ஓடுங்க” என்று முதுகில் தட்டினான். ஆதிகேசவன் இரண்டு அடி நடந்தார். போன் காதிலேயே இருந்தது. கரடி தொப்பியால் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தது. அழுகை குறைந்து, சொல்கிற ஆசை குரலில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்தக் கரடி கரைக்கு வந்துவிட்டால் வைத்துவிடலாம் என்று நினைத்தார். கரடி அவசரப்படவில்லை.

மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்கள். அப்புறம் 148 என்றார்கள். ஹாசன் பையன் அவரைப் பார்த்துக்கொண்டே போய் ஏறினான்.

போனை வைத்த பிறகு மேசைக்கு ஓடினார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, இங்கே தாழியைக் கையில் வைத்திருந்தவரே கீழே போட்டார். மேசையில் இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். இவர் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். பேனாவில் எழுதியதை அடிக்க முடியாது, அடித்தால் என் வேலை போகும் என்றார். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார். இங்கேதான் இருந்தேன் என்று ஆதிகேசவன் சொன்னார். அதைவிட விளக்கமாகச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து காந்தாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. அவள் சாதத்தைப் போட்டு, குழம்பை ஊற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

“பிரபா நாடகத்துல நடிச்சாளே. அதுல இன்னா கதைன்னு உனக்குத் தெரியுமா?”

தெரியாது.

“அன்னிக்கு ராத்திரி நீ வருவேன்னு முழிச்சிகினு இருந்துச்சு, சொல்றதுக்கு. நீ டயர்டா கீதுன்னு படுத்துட்ட. ஒரு தபா அதுகிட்ட அப்புறம்னு கேட்டிருக்கியா நீ?”

ஆதிகேசவனால் சாப்பிட முடியவில்லை. தன்மேலேயே அவருக்கு ஆத்திரமாக வந்தது. சொந்த மகளுக்குக் கொடுக்காததை மாதச் சம்பளத்தோடு சேர்த்து எங்கோ கொட்டியிருக்கிறோம், அதுவும் கொட்டுகிறோம் என்றே தெரியாமல், என்று நினைத்துக்கொண்டார். தட்டிலேயே கையைக் கழுவினார்.

மறுநாள் சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் ஏதோ விழா, அதனால் வழக்கம்போல் போக வேண்டும். காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேடம் தனியாகக் கீழே இறங்கி வந்தார். அவர் பேசியது கன்னடம்தான், இருபது வருடமாக இரண்டும் பேசும் ஆதிகேசவனுக்கு எது எந்த மொழி என்ற நினைப்பே இல்லை.

“நேத்து நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன் ஆதி. மடியில போட்டுத் தட்டிக் கொடுத்தேன். நிறுத்தல. உங்க குரல் கேட்டுச்சு, நிறுத்திட்டான். அப்ப அம்மா யாரு, நானா, போனா?”

ஆதிகேசவன் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

“உங்க மேல தப்பில்ல. நேத்து அவங்கப்பாகிட்ட ரொம்ப நேரம் பேசினேன். ஒருத்தர் குரல் இல்லைன்னா இருக்க முடியாதுன்னு ஒரு பையன் வளரக் கூடாது. ஜூன்லேர்ந்து ஊட்டியில ஹாஸ்டல் ஸ்கூல்ல சேர்க்கப் போறோம். சீட்டும் கேட்டாச்சு.”

ஆதிகேசவன் காரின் கதவில் கையை ஊன்றிக்கொண்டார். நேற்று அந்தப் போனை அப்போதே வைத்துவிட்டிருந்தால், பையன் அழுது, வாந்தி எடுத்து, எல்லாக் குழந்தைகளையும் போலத் தூங்கியிருப்பான். மேடம் திட்டியிருப்பார், அவ்வளவுதான். பஸ் வேலையையும் கெடுத்து, பையனையும் ஊட்டிக்கு அனுப்பியது அந்த ஒரு கரடிக் கதையைக் கேட்டதுதான்.

மேடம் கொஞ்சம் கனிவாகவே சொன்னார்: “உங்களுக்கும் இனிமே கஷ்டமில்ல. போன்ல நம்பர் கூப்பிட்டது என் காதுல விழுந்துச்சு, ஏதோ டெஸ்ட் போல. ஜூனுக்கு அப்புறம் நீங்க எந்த டெஸ்ட் வேணும்னாலும் போய்ட்டு வாங்க. தாராளமா லீவு எடுத்துக்கலாம்.”

மே மாதம் தனக்கு நாற்பது முடிகிறது என்று ஆதிகேசவன் சொல்லவில்லை. சொன்னால் மேடம் வருத்தப்படுவார், அந்த வருத்தத்துக்கும் இவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

“தேங்க்ஸ் மேடம்,” என்றார்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கிரண் பையை இழுத்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தான். மேடம் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

“அவனுக்கு இன்னும் சொல்லல. நீங்களும் இப்போதைக்கு எதுவும் சொல்லிடாதீங்க.”

ஆதிகேசவன் தலையாட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து பிடித்தார். கிரண் ஏறி உட்கார்ந்து, நேற்று கரடி கரைக்கு வந்த பிறகு இன்னும் நிறைய நடந்தது, எல்லாம் சொல்கிறேன், முதலில் வண்டியை எடுங்கள் என்றான். அவர் வண்டியை எடுத்தார். ஜூனுக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.